யானை பார்க்கப் போனோம்



இந்தப் பக்கத்தில் நான் வழக்கமாக எதை எழுதுவேன் என்று உங்களுக்குத் தெரியும். காணி உறுதி, கடன் தவணை, மரண அத்தாட்சிப் பத்திரம், தாபரிப்பு வழக்கு. இந்த மாதம் ஒரு சுற்றுலாவைப் பற்றி எழுதுகிறேன். "இவவுக்கு என்ன பிடிச்சது?" என்று நீங்கள் கேட்கக் கூடும். வாசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

போன ஆவணி மாதம் லண்டனில் இருக்கும் என் தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். அவனுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவளுக்குப் பதினொரு வயது, இளையவனுக்கு ஏழு. "பிள்ளைகளுக்கு யானை காட்ட வேணும் அக்கா. கல்லோயாவில விடுதி பதிஞ்சிருக்கன். ரெண்டு இரவு. நீயும் வா. தங்கச்சியையும் மகனையும் கூட்டிக்கொண்டு வா" என்றான்.

அவன் சந்தோசமாகத்தான் சொன்னான். கேட்டுக்கொண்டிருந்த மூன்று பெண்களும் வாய் திறக்கவில்லை.

அம்மாவுக்குக் கல்லோயா என்ற பெயரே பயம். அவரின் தகப்பனார் கல்லோயாத் திட்டத்தில் கூலி வேலைக்குப் போனவர். 1956 ஆனி மாதம், சிங்களம் மட்டும் சட்டம் பாராளுமன்றத்தில் வந்த நாட்களில், அந்தக் குடியேற்றப் பகுதியில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள், கொல்லப்பட்டார்கள். பாட்டனார் இரண்டு இரவு காட்டு வழியாக நடந்து வீடு வந்து சேர்ந்தார். அப்போது அம்மாவுக்குப் பத்து வயது. அவர் வந்து நின்ற கோலத்தை அம்மா இன்றும் சொல்லுவார்.

எனக்குக் காடு பயம். என் கணவரை 1990இல் கூட்டிப் போனவர்கள் எந்த வழியால் கொண்டு போனார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. காட்டோரமாக பஸ் போகும்போது கூட நான் வெளியே பார்ப்பதில்லை.

தங்கச்சிக்கு யானை. அவள் படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் இருக்கிறாள். மூன்று வருடத்துக்கு முன் அவள் கணவர் வயல் காவலுக்குப் போய், விடியப்புறம் திரும்பி வரும்போது யானை அடித்து இறந்தார். 2007 பங்குனியில் எறிகணை விழ விழ வாவியைக் கடந்து ஓடி, முகாமில் கிடந்து, திரும்பிப் போய் மண்வீடு கட்டி எழும்பிய மனிதர். சண்டைக்குத் தப்பியவர் யானைக்குத் தப்பவில்லை.

"என்ட புருசனக் கொன்டது யானை. அதக் காசு குடுத்துப் பாக்க நான் வரணுமா?" என்று தங்கச்சி கேட்டாள். தம்பி முகம் கறுத்துப் போனான். "தெரியாமச் சொல்லிட்டன். விடுங்க" என்றான்.

அப்போது வாசற்படியில் இருந்து பெறாமகன் சொன்னான்: "நான் போறன். எனக்கு அதப் பகல்ல பாக்கணும்."

அவனுக்கு ஒன்பது வயது. தகப்பன் இறந்த நாளில் இருந்து விளக்கு எரிந்தால்தான் படுப்பான். நாய் குரைத்தால் எழும்பி இருப்பான். யானை என்பது அவனுக்கு இருட்டில் கேட்கும் ஒரு சத்தம். ஊர் முழுக்க வெடி போட்டு, தகரம் தட்டி, கூக்குரல் வைக்கும் ஒரு சத்தம். பகலில் அதன் முழு உருவத்தை அவன் பார்த்ததே இல்லை. அவன் கேட்டதற்குப் பிறகு எங்களால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. அம்மா மட்டும் வீட்டில் நின்றுகொண்டார். போகும்போது எல்லாருக்கும் திருநீறு பூசிவிட்டார்.

கல்லோயா

எங்கள் பெரியவர்கள் பட்டிப்பளை ஆறு என்று சொன்ன ஆறுதான் கல்லோயா. அம்பாறைக்கு மேற்கே இங்கினியாகலையில் அதை மறித்து அணை கட்டினார்கள். 1949இல் தொடங்கிய அந்தத் திட்டம், சுதந்திரத்துக்குப் பின் இந்த நாடு செய்த முதலாவது பெரிய நீர்த்திட்டம். அணைக்குப் பின்னால் நிற்கும் சேனாநாயக்க சமுத்திரம் இலங்கையின் மிகப் பெரிய குளம். குளத்துக்கு நீர் தரும் காட்டைக் காப்பதற்காக 1954இல் அதைச் சுற்றித் தேசிய பூங்கா அமைத்தார்கள். ஏறக்குறைய 25,900 ஹெக்டயர். யால போன்ற இடங்களில் ஜீப்பில் இருந்து யானை பார்ப்பார்கள். இங்கே படகில் இருந்து பார்க்கலாம். குளத்துக்கு நடுவே தீவுகள் இருக்கின்றன. யானைகள் நீந்தியே ஒரு தீவில் இருந்து மற்றத் தீவுக்குப் போகும்.

மண்முனைப் பாலத்தால் வந்த தங்கச்சியையும் மகனையும் ஆரையம்பதியில் ஏற்றிக்கொண்டோம். 2014இல் அந்தப் பாலம் திறக்கும்வரை அந்த இடத்தில் பாதையில் ஏறித்தான் வாவியைக் கடப்போம். களுவாஞ்சிகுடி, கல்லாறு, கல்முனை என்று போய், அங்கிருந்து மேற்கே திரும்பி அம்பாறை, பிறகு இங்கினியாகலை. வாகனச் சாரதி கல்முனைக்காரர், முஸ்லிம் சகோதரர். அவருக்குத் தமிழும் சிங்களமும் நன்றாகத் தெரியும். அந்த இரண்டு நாளும் எங்களுக்கு வாயும் காதும் அவர்தான்.

தம்பி பதிந்திருந்தது கல்லோயா லொட்ஜ் என்ற காட்டுவிடுதி. மரங்களுக்கு நடுவே தனித்தனிக் குடில்கள். கூரை இலுக்குப் புல். ஓர் இரவு வாடகை என் ஒரு மாதச் சம்பளத்தை விடக் கூட. தங்கச்சி கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இலுக்குக் கூரைய மாத்தித் தகரம் போட நான் கடன் எடுத்தன். இஞ்ச இலுக்குக்குக் கீழ படுக்கக் காசு குடுக்காங்க" என்றாள். மூன்று வருடத்துக்குப் பிறகு அவள் பகிடி விட்டதை அன்றுதான் கேட்டேன்.

இரவு தவளைச் சத்தமும் ஏதேதோ பறவைச் சத்தமும். லண்டன் பிள்ளைகள் ஒவ்வொரு சத்தத்துக்கும் "இது என்ன? இது என்ன?" என்று கேட்டபடி நித்திரையாகிப் போனார்கள். பெறாமகன் விளக்கை அணைக்க விடவில்லை. நானும் தங்கச்சியும் விடியும்வரை முழித்துக் கிடந்தோம்.

இலையும் தடமும்

இப்படியான விடுதிகளில் பிள்ளைகளைச் சும்மா இருக்க விடுவதில்லை. காலையில் பறவை பார்க்கும் நடை, குளத்தில் படகு, காட்டுக்குள் தடம் பார்ப்பது என்று நாள் முழுக்க ஏதாவது இருக்கும். அங்கே எங்களுக்கு மிகவும் பிடித்தது இரத்துகல வேடர் தலைவரோடு காட்டுக்குள் நடந்ததுதான்.

காட்சிப் பொருளைப் பார்ப்பது போல ஒரு மனிதரைப் பார்க்கப் போகிறோமோ என்று எனக்கு உள்ளுக்குள் கூச்சம் இருந்தது. அவர் ஒரு வாத்தியார் மாதிரி முன்னால் நடந்தார். நாங்கள் பிள்ளைகள் மாதிரிப் பின்னால் போனோம். வாகரை, பனிச்சங்கேணி, பால்சேனைப் பக்கம் வாழும் வேடர்கள் தமிழ் பேசுகிறவர்கள். இரத்துகலக்காரருக்குத் தமிழ் இல்லை. சாரதி மொழிபெயர்த்தார்.

ஒரு மரத்தடியில் நின்று கீழே கிடந்த காயை எடுத்து, "இது என்ன?" என்று பிள்ளைகளிடம் கேட்டார். சாரதி சொல்ல முன்னம் தங்கச்சி சொன்னாள்: "கடுக்காய்." அடுத்தது தான்றி. பிறகு காட்டு நெல்லி. கல்லோயாக் காடு இந்த மூன்றுக்கும் பேர் போனது. "திரிபலா. அம்மம்மா இடிச்சு வைப்பா. வயித்துக்கு நல்லது" என்று அவள் சொல்லச் சொல்ல, லண்டன் மருமகள் கொப்பியில் எழுதினாள். வேடர் தலைவர் தலையாட்டிச் சிரித்தார். பெறாமகன் தாயை ஏறிட்டுப் பார்த்தான். அழுகிற அம்மாவை அவன் கண்டிருக்கிறான். கந்தோர் வாசலில் பத்திரங்களோடு காத்து நிற்கிற அம்மாவைக் கண்டிருக்கிறான். நாலு பேருக்குச் சொல்லிக் கொடுக்கிற அம்மாவை அவன் அன்றுதான் கண்டான்.

கொஞ்சம் தள்ளி ஈர மண்ணில் வட்டமாக ஒரு தடம். யானையின் முன்னங்கால். அவர் குந்தி இருந்து விரலால் காட்டினார். விளிம்பு உடையாமல் இருந்தால் புதுத் தடம். உடைந்து உள்ளே சருகு விழுந்திருந்தால் பழையது. தங்கச்சி இரண்டடி பின்னால் போய்விட்டாள். மகன் குந்தியிருந்து பார்த்தான். பிறகு தன் கையை விரித்து அந்தத் தடத்துக்குள் வைத்தான். யாரும் பேசவில்லை.

படகில்

பிற்பகல் வெயில் தணிந்த பின் படகில் ஏறினோம். எல்லாருக்கும் உயிர்காப்பு அங்கி தந்தார்கள். அங்கி போடாமல் படகு புறப்படாது என்று வழிகாட்டி சொன்னது எனக்குப் பிடித்தது. நீருக்குள் பட்டுப்போன மரங்கள் நின்றன. கொப்புகளில் நீர்க்காகங்கள் செட்டையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. மருமகள் தன் தொலைநோக்கியைப் பெறாமகனிடம் கொடுத்தாள். "மச்சான், நீ முதல் பார்" என்றாள். தமிழை அவள் கொன்றுதான் பேசுவாள். ஆனால் முறை சொல்லிக் கூப்பிடுவாள்.

ஆவணியில் குளம் வற்றி, கரையெல்லாம் பச்சைப் புல். அங்கே பதினொரு யானைகள் நின்றன. இரண்டு குட்டி. இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தூரத்திலேயே நின்றோம். தங்கச்சி என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தித் தோல் சிவந்துவிட்டது.

வழிகாட்டி மெதுவாகச் சொன்னார், சாரதி தமிழில் சொன்னார். கூட்டத்தை நடத்துவது வயது போன பெண் யானை. எந்தக் காலத்தில் எங்கே தண்ணீர் இருக்கும், எந்த வழி ஆபத்து என்பது அதற்குத்தான் தெரியும். கூட இருப்பவை அதன் மகள்மார், சகோதரிகள், பேரப்பிள்ளைகள். குட்டி வயிற்றில் இருப்பது ஏறக்குறைய இருபத்திரண்டு மாதம். "ஆண்டவனே!" என்றாள் தங்கச்சி. ஒரு பெண்ணுக்குத் தெரியும் அந்தக் கணக்கு.

"குட்டிட அப்பா எங்க?" என்று பெறாமகன் கேட்டான்.

ஆண் யானைகள் வளர்ந்ததும் கூட்டத்தை விட்டுப் போய்விடும், தனியாகத்தான் திரியும் என்றார் வழிகாட்டி. குட்டிகளைத் தாயும் தாயின் சகோதரிகளும் சேர்ந்துதான் வளர்க்கும்.

பையன் கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்ப பெரியம்மாமார்தான் பாக்கிற" என்றான். பிறகு திரும்பவும் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டான். எனக்குத் தொண்டை அடைத்துப் போயிற்று.

திரும்பி வரும்போது ஒரு தனி ஆண் யானை. நீருக்குள் முழங்கால் அளவில் நின்றது. பையன் அதைத்தான் கூட நேரம் பார்த்தான். வயலுக்குள் வருவது பெரும்பாலும் இப்படித் தனி ஆண்கள்தான் என்றார் வழிகாட்டி. காட்டுப் புல்லை விட நெல்லில் சத்துக் கூட. ஒரு நாளைக்கு நூறு கிலோவுக்கு மேல் தின்ன வேண்டிய பிராணி அது. அது காலங்காலமாக நடந்த வழியில் இன்று வேலியும் வயலும் வீடும் இருக்கின்றன. 2023இல் மட்டும் இலங்கையில் 400க்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன. யானை தாக்கி இறந்த மனிதர்கள் 150க்கும் மேல். இந்தக் கணக்கில் உழவனுக்கும் யானைக்கும் வெற்றி இல்லை.

அன்றிரவு குடில் வாசலில் இருந்து தங்கச்சி சொன்னாள்: "எனக்குக் கோவம் போகல்லகா. போகவும் மாட்டா. ஆனா இவ்வளவு நாளும் அத ஒரு பேய் எண்டு நெனச்சிருந்தன். பேய் இல்ல. பசிச்ச மிருகம்."

பையன் அடுத்த நாளே மாறிவிட்டான் என்று எழுதினால் அது பொய். இன்றும் விளக்கு எரிந்தால்தான் படுக்கிறான். ஆனால் அந்தத் தனி யானையைக் கொப்பியில் கீறி வைத்திருக்கிறான். முன்பெல்லாம் யானை என்ற சொல்லைக் கேட்டாலே எழும்பிப் போகிறவன், இப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் குட்டியின் கதை சொல்லுகிறான். பயம் குறைய நாள் எடுக்கும். அது குறையத் தொடங்க ஒரு நாள் வேண்டும் அல்லவா?

நாங்கள் என்ன செய்யலாம்?

"லண்டனில் தம்பி இருந்தால் நாங்களும் போவோம்" என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. நியாயம். தம்பி காசு தராவிட்டால் நானும் அந்த விடுதி வாசலை மிதித்திருக்க மாட்டேன். ஆனால் அங்கே பிள்ளைகளுக்குக் காசுக்குக் கொடுத்தவை எவை என்று யோசித்துப் பாருங்கள். தடம் பார்ப்பது, காய் பெயர் சொல்வது, பறவை எண்ணுவது, படகில் போவது, இரவுச் சத்தம் கேட்பது. இவற்றில் எது எங்களிடம் இல்லை?

வந்த பிறகு எங்கள் குழுப் பெண்கள் சேர்ந்து ஒரு ஞாயிறு பதினான்கு பிள்ளைகளைப் பாலமீன்மடுவுக்குக் கூட்டிப் போனோம். பஸ் காசைப் பங்கிட்டோம். சோறு வீட்டில் இருந்து பார்சல். 1913இல் கட்டிய வெளிச்சவீட்டைப் பார்த்தோம். வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தைத் தூரத்தில் நின்று காட்டினோம். மேற்குக் காடுகளில் இருந்து ஆற்று நீர் வருகிறது, முகத்துவாரத்தால் கடல் நீர் வருகிறது, இரண்டும் கலப்பதால்தான் எங்கள் வாவியில் இறாலும் மீனும் பெருகுகின்றன என்று சொன்னோம். மீன் வியாபாரம் செய்யும் ஓர் ஆச்சி கண்டல் வேருக்குள் நண்டு வளை காட்டினார். யார் கூடப் பறவை எண்ணுவது என்று போட்டி வைத்தோம். கொக்கு, நாரை, நீர்க்காகம், மீன்கொத்தி, கூழைக்கடா. வென்ற பிள்ளைக்கு ஒரு பென்சில் பெட்டி.

2004இல் சுனாமிக்குப் பிள்ளை கொடுத்த ஒரு தாயும் வந்திருந்தார். அவர் தண்ணீர்ப் பக்கம் வரவில்லை. மரத்தடியில் இருந்து சோற்றுப் பார்சல்களைப் பார்த்துக்கொண்டார். நாங்கள் வற்புறுத்தவில்லை. வந்ததே பெரிது.

அடுத்தது கல்லடிப் பாலம். சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை, காற்றில்லாத பூரண இரவுகளில் வாவிக்குள் மீன் பாடும் என்று எங்கள் முன்னோர் சொன்னதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தோணியில் இருந்து துடுப்பை நீருக்குள் விட்டு, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார்கள். கேட்குமோ கேட்காதோ, அந்த இரவு பிள்ளைக்கு மறக்காது.

சில கவனங்கள்

படகில் ஏறினால் பிள்ளைக்கு உயிர்காப்பு அங்கி இல்லாமல் ஏற வேண்டாம். வாவியில் முதலை உள்ள இடங்களை ஊர் மீனவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். யானை தென்பட்டால் கிட்டப் போய்ப் படம் எடுப்பதும் சாப்பாடு போடுவதும் வேண்டாம். வீதியோரம் உணவுக்குப் பழகிய யானைதான் பிறகு ஆளுக்கு ஆபத்தாகிறது. யானை நடமாடும் ஊர்களில் விடியப்புறமும் பொழுதுபட்ட பின்னும் வயற்பாதையில் தனியாகப் போகாதீர்கள். நெல்லைப் படுக்கும் அறைக்குள் அடுக்காதீர்கள். நெல் மணத்துக்கு யானை சுவரை உடைக்கும்.

யானையால் உயிரோ வீடோ இழந்தவர்கள் வனஜீவராசிகள் திணைக்களத்திடம் நட்டஈடு கோரலாம். பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, மரண அத்தாட்சிப் பத்திரம், கிராம சேவகர் உறுதிப்படுத்திய கடிதம் எல்லாவற்றையும் ஒரே உறைக்குள் வைத்திருங்கள். பிரதி எடுக்காமல் மூலப் பத்திரத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள். பாருங்கள், சுற்றுலா எழுத வந்தும் பத்திரத்தில்தான் வந்து நிற்கிறேன்!

பாசிக்குடாவில் ஹோட்டல்கள் வந்த பிறகு எங்கள் பெண்பிள்ளைகள் பலர் விடுதி வேலைக்குப் போகிறார்கள். நல்லது. போக முன்னம் நியமனக் கடிதம் கேளுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழித்தால், முதலாளி 12 வீதம் சேர்த்துக் கட்ட வேண்டும். இரவு வேலைக்கு வீடுவரை வாகனம் உண்டா என்பதையும் முதலே கேளுங்கள்.

தோழிகளே, பிள்ளைக்குச் சோறும் படிப்பும் கொடுக்க நாங்கள் படும் பாடு பெரியது. அதற்கு மேல் சந்தோசம் என்பது காசுக்காரருக்கு உரியது என்று நாங்களே ஒதுக்கி வைத்துவிட்டோம். காட்டையும் வாவியையும் பயத்தோடு சேர்த்தே எங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறோம். அதற்குக் காரணம் உண்டு. குற்றம் எங்களுடையது அல்ல. ஆனால் அவர்கள் அவற்றைப் பகலில் ஒரு தரம் பார்க்கட்டும்.

அம்மா இன்னும் கல்லோயாவுக்கு வர மாட்டேன் என்றுதான் சொல்கிறார். பேரன் கொண்டுவந்து கொடுத்த கடுக்காயை மட்டும் இடித்துப் போத்தலில் போட்டு வைத்திருக்கிறார்.

உங்கள் பிள்ளையை ஒரு நாள் எங்கே கூட்டிப் போனீர்கள், அவன் அல்லது அவள் என்ன கேட்டாள் என்று எனக்கு எழுதுங்கள். பக்கத்து வளவுதான் போனோம் என்றாலும் எழுதுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.